நாலாவது கை இன்னும் பேசவில்லை

என் உயிருக்குயிரான முனியம்மா,

எனக்குப் பயமாக இருக்கிறதடி. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், சிரித்துக்கொள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன்? மாசி மாதம் உன்னை அனுப்பினோம். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தோல் மண்டிக்கு லீவு. தொழுகை முடிந்து பாய்மார்கள் வந்ததும் பாலாற்று மணலில் சங்கக் கூட்டம். நாளையிலிருந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். மூன்று கை சரியென்று சொல்லிவிட்டது. பாக்கி இருப்பது நம்முடைய கைதான். அதற்காக எழுந்து நின்று பேச வேண்டியவள் நான். உன் இடத்தில் என்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், பாவிகள். 'சலோமி அஞ்சாங் கிளாஸ் படிச்சவ, அவளே இருக்கட்டும்' என்று அஞ்சலைதான் ஆரம்பித்துவைத்தாள். படித்தவளுக்கு வாய் வரும் என்று அவளுக்கு யார் சொன்னது?

பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள் பார் என்று கேலி பண்ணாதே. பேனாவைக் கையில் பிடித்தால் எனக்கு அப்படித்தான் வருகிறது. எழுதி முடித்ததும் நம் பொம்பளைகளுக்குப் படித்துக்காட்டப் போகிறேன். அஞ்சலை கேட்டாள்: "செத்தவளுக்கு எழுதற கடுதாசிய எந்த தபால்காரன் எடுத்துனு போவான்?" நீங்கள் எல்லாரும் கேட்டால் அவளுக்குப் போய்விடும் என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

புதிதாக இரண்டு பெண்கள் நம்மோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நம் மண்டியில் ஒவ்வொரு வேலைக் கூட்டத்துக்கும் கை என்று பேர். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைக்கிறவர்கள் ஒரு கை. முடியும் சதையும் சீவுகிற கத்திக்காரர்கள் ஒரு கை. ஆவாரம் பட்டைக் குழியில் போட்டு எடுக்கிறவர்கள் ஒரு கை. சீவிய முடியை அலசுவதும், பதமான தோலுக்கு எண்ணெய் தடவி நிழலில் காயப்போடுவதும் பொம்பளைகளான நாம், நாலாவது கை.

ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குத் தோல் போகும்போது வாங்குகிறவர்கள் அதை மடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, 'ஏத்துக்கிட்டேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். பதம் போதவில்லை என்றால் 'இன்னும் ஊறட்டும்' என்பார்கள். கொடுத்தவன் 'எதுல கொறை?' என்று கேட்பான். இவர்கள் காட்டுவார்கள். தோல் திரும்பக் குழிக்குப் போகும். இதில் மேஸ்திரியும் வாய் வைக்க மாட்டார், முதலாளியும் வைக்க மாட்டார். யார் எப்போது ஏற்படுத்தினார்களோ தெரியாது, அப்படித்தான் நடக்கிறது.

சங்கம் ஆரம்பித்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. எந்தக் கிழமை கூடுவது என்பதற்கே எத்தனை வெள்ளிக்கிழமை போயிற்று! என் பெரியப்பா மகன் தேவதாஸ் அண்ணன், கத்திக் கைக்குத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயில் ஆராதனை முடிந்ததும்தான் கூட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சுண்ணாம்புக் கைக்குத் தலைவர் காதர் பாய், 'லீவு நாளை விட்டுட்டு வேலை நாள்ல எப்பிடி தேவதாசு?' என்றார். கடைசியில் வெள்ளிக்கிழமை, ஆனால் தொழுகைக்கு அப்புறம். பெரிய வெள்ளியன்றும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் கூட்டமே இல்லை என்று முடிந்தது. அப்புறம் எங்கே கூடுவது? பள்ளிவாசல் முற்றமா, வேதக் கோயில் வளாகமா, அம்மன் கோயில் வேப்பமரத்தடியா? நீதான் எரிச்சலில் 'ஆத்துல போய் ஒக்காருங்க, அது எவன் அப்பன் வூட்டு சொத்தும் இல்ல' என்று கத்தினாய். அதையே சங்கச் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். சங்கத்துக்கு எழுத்து வேலை பார்க்கிற வாத்தியார் 'எவன் அப்பன்' என்பதை மட்டும் எடுத்துவிட்டார்.

டீக்கடையில் காதர் பாய் பேப்பர் படித்துச் சொன்ன அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? சீமையில் பெரிய மனிதர்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து நம் தேசத்துக்குச் சட்டம் எழுதுவது பற்றிப் பேசுகிறார்களாம், ராஜாக்கள்கூட வந்திருக்கிறார்களாம் என்றார். நீ வாசலில் நின்றபடியே, "அதுல முடி அலசற பொம்பள எத்தினி பேரு பாய்?" என்றாய். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நம்மையும் கூப்பிட்டு அனுப்பினார்.

கூப்பிட்டார்கள், போனோம். ஆனால் ஸ்ட்ரைக்கு என்றால் யார் முடிவு செய்வது என்ற பேச்சு வந்ததும் எல்லாம் கெட்டது. ஆள் கணக்குப் பார்த்துக் கை தூக்கச் சொல்லலாம் என்றார் தேவதாஸ் அண்ணன். கத்திக்காரரும் சுண்ணாம்புக்காரரும் சேர்ந்தால் போதும், நாம் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒன்றுதான். நீ சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாய். முழங்கையில் ஆட்டு முடி ஒட்டியிருந்தது, எனக்கு இப்பவும் கண்ணில் நிற்கிறது.

"ஒரு தோலு நாலு கையும் ஏத்துக்காம மண்டிய வுட்டு வெளிய போவாது. எங்க வயிறு தோலவிடக் கேவலமா பூட்ச்சா?"

"அப்போ ஒரு கை வேணாம்னா மூணு கையும் கம்னு கெடக்கணுமா?" என்று அண்ணன் எகிறினார். அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் குறைந்துகொண்டே போனது. பட்டைக் கை ஆட்கள் ஒருநாள் வரவே இல்லை. சங்கம் அவ்வளவுதான் என்று மேஸ்திரி வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்லித் திரிந்தார்.

காதர் பாய்தான் இரண்டு பக்கமும் நடந்து நடந்து ஒரு வழி கொண்டுவந்தார். நாலு கையும் ஏற்றுக்கொண்டால்தான் ஸ்ட்ரைக்கு. ஆனால் ஏற்றுக்கொள்ளாத கை எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், ஏன் என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரை மற்ற கைகள் எழுந்து போகக் கூடாது. அப்புறம் எல்லாரும் சேர்ந்து மறுபடி பேச வேண்டும். தேவதாஸ் அண்ணன் முனகிக்கொண்டே சரி என்றார். நீயும் சரி என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "உனக்கு வாய் கீது, நீ பேசுவ. நாளைக்கு நீ இல்லாத அன்னிக்கு எவடி அத்தினி ஆம்பளைங்க முன்னால நின்னு பேசுவா? வித்துட்டியேடி எங்கள!" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவே இல்லை. "வேணாம்னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்தா நம்மள வெறுப்பாங்கடி. ஏன்னு சொன்னா, திட்டிக்கினாவது யோசிப்பாங்க" என்றாய். எனக்கு அது அப்போதும் ஏறவில்லை. செத்துப்போனாய் என்பதற்காக நீ செய்தது சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைக்காதே. நீ இல்லாத அன்றைக்கு எவள் பேசுவாள் என்று கேட்டேனே, பார்த்தாயா, நானே வந்து மாட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் உன் கையில் அந்தப் புண் வந்தது. நடுவில் கறுத்து, சுற்றிலும் வீங்கி, வலியே இல்லை என்றாய். வலிக்காத புண்ணுக்கு எதற்கு லீவு என்று மேஸ்திரி கேட்டார், நீயும் முடி அலசிக்கொண்டே இருந்தாய். காய்ச்சல் வந்து கண் செருகினபோதுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். பள்ளிகொண்டாவில் தண்ணீர் கேட்டாய், கொடுத்தேன். விரிஞ்சிபுரத்தைத் தாண்டும்போது, உன் அம்மா வீட்டு ஊர் என்று எழுந்து பார்க்க முயன்றாய். வேலூர் வரவே இல்லை, அதற்குள் போய்விட்டாய். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் நான் என் இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கொசு கடித்துச் சிவந்திருந்தால்கூட உயிர் போகிறது.

இப்போது சுண்ணாம்புக் கை குப்பனுக்கு அதே மாதிரிப் புண். உன்னைப் பார்த்த பயத்தில் அவன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டான். அன்றைக்கே அவன் பேரை அடித்துவிட்டார் மேஸ்திரி. குப்பன் பிழைத்துக்கொண்டான், வேலைதான் இல்லை. அவனைத் திரும்ப எடுக்க வேண்டும், புண் வந்தவர்களை மண்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வேலையைப் பிடுங்கக் கூடாது. இதற்காகத்தான் ஸ்ட்ரைக்கு. இது உன் புண்ணுக்கான சண்டையடி. இதற்கு வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் சரி என்றும் சொல்ல முடியவில்லை. அரிசிதான் காரணம்.

நாம் எல்லாரும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாக வைத்தோமே, அது இப்போது காதர் பாய் வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஸ்ட்ரைக்கு நடந்தால் அதைத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று எழுதியது உன் கருமாதி நடந்த வெள்ளிக்கிழமை. நாமெல்லாம் உன் வீட்டில் அழுதுகொண்டிருந்தோம். ஆற்றில் ஆம்பளைகள் மட்டும் உட்கார்ந்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார்கள்.

தலைக்கட்டு! அம்மன் திருவிழாவுக்கு வரி போடுகிற கணக்கு அது. புருஷன் இல்லாத வீட்டைத் தலைக்கட்டில் சேர்க்க மாட்டார்கள், பாவம், அவள் எங்கே போய்க் கொடுப்பாள் என்று விட்டுவிடுவார்கள். கொடுக்கிற இடத்தில் அது இரக்கம். வாங்குகிற இடத்திலும் அதே கணக்கை எடுத்துப் போட்டுவிட்டார்களே! வேண்டுமென்று செய்யவில்லை, காதர் பாய் அப்படிப்பட்டவர் இல்லை. ஊரில் வீட்டை எண்ணச் சொன்னால் அவர்களுக்கு அந்த ஒரு கணக்குதான் தெரியும். ஆனால் நம் கையில் எத்தனை வீட்டில் புருஷன் இருக்கிறான்? அஞ்சலை தாலி அறுத்தவள். என் வீட்டுக்காரர் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர், கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. உன் மகள் பச்சையம்மா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்ட்ரைக்கு வந்தால் அவளுக்கு நான் எதை வடித்துப் போடுவேன்?

பசி தாங்காமல் முதலில் மண்டி கேட்டுக்குள் வேலைக்குப் போகப்போவது நம் பொம்பளைகள்தான். அப்புறம் காட்டிக்கொடுத்தவள்கள் என்று தலைமுறைக்கும் பேசுவார்கள். இதை யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தும் விட்டுவிட்டார்களா?

நேற்று அலசுகிற தொட்டியாண்ட மேஸ்திரி வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சலோமி, நாளைக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். மழைக் காலத்துலயும் உனக்கு வேலை நிக்காது. அந்தப் பொண்ணையும் சேத்துக்கறேன்" என்று சிரித்தார். பச்சையைச் சொல்கிறார். உன் மகளைக் கொண்டுபோய் அந்த முடித் தொட்டியில் இறக்குவதை எனக்கு உபகாரமாகச் சொல்கிறார். நான் குனிந்து முடியை அலசிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் தேவதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பாயைப் போட்டேன், உட்காரவில்லை.

"மேஸ்திரி உங்கிட்ட சிரிச்சி சிரிச்சி பேசினத ஊரே பாத்துச்சு."

"நான் ஒன்னும் பேசலண்ணே."

"நாளைக்கு மட்டும் நீ மாட்டேன்னு சொன்ன, நீ எங்க சித்தப்பா பொண்ணு இல்ல. கோயில்ல ஒரு பெஞ்சுல ஒக்காராத. நல்லது கெட்டதுக்கு என் வூட்டு வாசப்படி மிதிக்காத. அவ்ளோதான்."

அரிசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தெருமுனைக்குப் போய்விட்டார். ஒருத்தரிடம் வீட்டுக்குள்ளேயே சொல்ல முடியவில்லை, ஆற்று நிறைய ஆம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வேன்?

இன்றைக்குக் காலையில் ஓட்டின் மேல் ஒரு கல் விழுந்தது. வெளியே ஓடிப் பார்த்தேன், யாரும் இல்லை. மேஸ்திரி ஆள் எறிந்ததா, நம் ஆள் எறிந்ததா, அதுகூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு பக்கத்துக்காவது பயப்படாமல் இருந்திருப்பேன். பச்சை அந்தக் கல்லை எடுத்துக் கழுவித் தன் கல்லாங்காயோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பானைகளை வரிசையாக வைத்து அவற்றிடம் பேசிப் பார்த்தேன், நம்புவாயா? இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. எனக்கு ஏன் இந்த பேஜாரு? நீ இருந்தால் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து நாலு வார்த்தையில் முடித்திருப்பாய். சரி என்றால் நம் பொம்பளைகள் பட்டினி. வேண்டாம் என்றால் குப்பன் கதி அதோகதி, உன் புண்ணும் வீண், நானும் முதலாளி ஆள். இரண்டில் எதைச் சொல்லச் சொல்கிறாய்?

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. தோலைத் திருப்பி அனுப்பும்போது நாம் வேண்டாம் என்றா சொல்கிறோம்? திருப்பின தோலை யாரும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. குறையைக் காட்டுகிறோம், குழிக்குப் போகிறது, பதமாகி வருகிறது, ஏற்றுக்கொள்கிறோம். அதை அங்கே சொன்னால் சிரிப்பார்களோ? சட்டத்தில் இடம் இருக்கிறதா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை வாசலில் நின்று கூப்பிடுகிறாள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். விளக்கேற்றியாயிற்று. அவசரத்தில் எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

காதர் பாய் ஒவ்வொரு கையாகக் கேட்டார். சுண்ணாம்புக் கை, ஏத்துக்கிச்சு. கத்திக் கை, ஏத்துக்கிச்சு. பட்டைக் கை, ஏத்துக்கிச்சு. "நாலாவது கை?" என்றார். எழுந்தேன். எழுந்தேன், அவ்வளவுதான். மணலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒருத்தன், "நாலாவது கை இன்னும் பேசல, குழில ஊறுது போல" என்றான். ஒரே சிரிப்பு. இரண்டு மூன்று பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"ஒக்காருங்கடா!" என்றார் காதர் பாய். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "சட்டம் இன்னா சொல்லுது? அந்த அம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் எழுந்து போவக் கூடாது. நீங்க போட்ட சட்டந்தானே?"

உட்கார்ந்தார்கள், முனியம்மா. அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். பாலத்தின் மேல் ரயில் போய்ச் சத்தம் அடங்கியது. யாரும் அசையவில்லை. எனக்காக, ஒரு வார்த்தையும் பேசாத எனக்காக, உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் அஞ்சலை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னும் ஊறட்டும்" என்றேன். எனக்கே கேட்காத சத்தம்.

"எதுல கொறை?" என்று ஒரு குரல் வந்தது. தேவதாஸ் அண்ணன்! அவர் யோசித்துக் கேட்கவில்லையடி. இத்தனை வருஷம் மண்டியில் கேட்டுக் கேட்டுப் பழகின வாய், தானாக வந்துவிட்டது. கேட்டபின் அவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

எதில் குறை என்று கேட்டால் எனக்குக் காட்டத் தெரியும். "அரிசில கொறை" என்றேன். அப்புறம் வந்துவிட்டது. "திருவிழாவுக்கு எங்க வூட்டக் கணக்குல சேக்காம வுட்டீங்க, நல்லா இருங்க. பசிக்கும் வுட்டுடுவீங்களா? பிடி அரிசி வாங்க எங்க வாசல்ல வந்து நின்னீங்களே, அன்னிக்கு உள்ள ஆம்பள கீறாரான்னு கேட்டா வாங்கினீங்க?" என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் சண்டைதான். எல்லாருக்கும் போட்டால் அரிசி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றது பட்டைக் கை. அளவைக் குறைக்கலாம் என்றார் காதர் பாய். கம்மியாகக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் என்ன செய்யும் என்றார்கள் கத்திக்காரர்கள். அதுவும் உண்மைதானே? கடைசியில் தேவதாஸ் அண்ணன் எழுந்தார். "அரிசி சமம்னா பாடும் சமம். நாளைக்கு கேட்டாண்ட நிக்கப் போறது நாங்க. வேலூர்லருந்து போலீசு வந்தா அடி வாங்கப் போறது நாங்க. நீங்க வூட்ல ஒக்காந்து வடிச்சித் துன்னுவீங்களா? வந்து முன்னால நில்லுங்க."

அஞ்சலை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். நான் அவளைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். "முன்னால நிக்க மாட்டோம். பின்னாலயும் ஒளிய மாட்டோம். பக்கத்துல நிக்கறோம்" என்றேன். காதர் பாய் உடனே பிடித்துக்கொண்டார். நாலு கையும் கேட்டுக்கு முன் பக்கம் பக்கமாக நிற்பது, அரிசி தலைக்கட்டுக்கு இல்லை, எரிகிற அடுப்புக்கு ஒரு பங்கு, பங்கு கொஞ்சம் சிறிசு. வாத்தியார் அடித்து எழுதினார். அண்ணன் முனகிக்கொண்டே சரி என்றார், அன்றைக்கு மாதிரியே.

"நாலாவது கை ஏத்துக்கிச்சு" என்றேன். நாளைக் காலையில் ஸ்ட்ரைக்கு.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ரயில் கேட்டாண்ட வந்ததும் அஞ்சலை என் கையை உதறினாள்.

"வித்துட்டியேடி! ஒரு பங்கு அரிசிக்கு எங்கள போலீசுகிட்ட கொண்டு போய் நிறுத்தறியே! நாலு கையையும் கேக்கணும், கேக்கணும்னு நாக்கு தள்ள சண்டை போட்டீங்களே, நாங்க நிக்கறோமான்னு எங்கள எவடி கேட்டது?"

நான் உன்னைத் திட்டின அதே இடம், அதே வார்த்தை. அவள் கேட்டது சரிதான். யாரும் கேட்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன், தலையை ஆட்டினாள், தெரிந்தேதான் திரும்பிக்கொண்டேன். நம்மைக் கேட்காமல் அரிசிக் கணக்கு எழுதினவர்களைத் திட்டினேனே, அதே மணலில் அதே காரியத்தை நானும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சொல். அன்றைக்கு நீ காதர் பாயிடம் சரி என்றபோது நாங்கள் யாராவது தலையை ஆட்டினோமா? நீ பார்த்தாயா?

அதனால் இப்படிச் செய்யப்போகிறேன். நாளைக்கு விடிந்ததும், கேட்டுக்குப் போகுமுன், அஞ்சலை வீட்டு வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து இந்தக் கடுதாசியைப் படிப்பேன். முடிந்ததும் ஒவ்வொருத்தியையும் கேட்பேன். 'ஏத்துக்கிட்டேன்' என்கிறவள் என்னோடு வரட்டும். 'இன்னும் ஊறட்டும்' என்கிறவளிடம் எதில் குறை என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன். வராதவள் அடுப்புக்கும் பங்கு வர வேண்டும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஆற்றில் எழுந்து நிற்பேன். வாய் வராவிட்டாலும் நிற்பேன், அவர்கள் உட்காரத்தான் வேண்டும். சட்டம் அப்படி.

பயம் போகவில்லையடி. எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. லத்தியை நினைத்தால் பயம். அஞ்சலை என்ன சொல்லுவாள் என்று நினைத்தால் அதைவிட ஜாஸ்தி பயம்.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பச்சையை அந்த முடித் தொட்டியில் இறங்க விட மாட்டேன். நாளைக்கு ஒருத்திகூட என்னோடு வராவிட்டாலும் நான் போய்க் கத்திக் கைக்குப் பக்கத்தில், நாலாவது கைக்கு விட்ட இடத்தில், நிற்பேன். வந்தவர்கள் குறைச்சல் என்று யாராவது சிரித்தால், அவர்களைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

உன் மகள் பச்சையம்மாவுக்குச் சின்னம்மா,
உனக்கு அடங்காத தங்கச்சி,
சலோமி